வெள்ளையம்மாவுக்கு வைத்த பொட்டு

1

புனேயில் வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு வருடம் என்பது பதினொரு மாதம். வீட்டு ஒப்பந்தத்தை இங்கே அவ்வளவுக்குத்தான் எழுதுவார்கள். ஏன் பன்னிரண்டு இல்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். ஆகவே உங்களுக்குக் கல்யாண நாள் வருவதுபோல எங்களுக்கு ஒப்பந்த நாள் வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் முன்னால் நகர்ந்து. போன தடவை தீபாவளி முடிந்து வந்தது. இந்தத் தடவை ஆயுத பூஜை முடிந்த கையோடு வந்து நின்றது. இந்தக் குறிப்பை எழுத வைத்ததும் அதுதான்.

இப்படிக் குறிப்பெல்லாம் வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுத வேண்டியது என்பார் உடுமலையில் இருக்கும் என் மச்சான். கனடாவில் பனி பெய்கிறது என்றால் ஊரில் உட்கார்ந்து படிப்பார்கள், புனேயில் என்ன பெய்கிறது என்று கேட்பார். மழைதான் பெய்கிறது. ஆனால் காய்கறிக்காரரிடம் பேரம் பேச ஒரு மொழி, தோற்றபின் வீட்டுக்கு வந்து புலம்ப ஒரு மொழி என்று வாழ்கிறவனுக்குப் பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் அது வெளிநாடுதான். என் இந்தி இன்னும் எங்கள் வீட்டுக்கார அம்மாளை ஆண்பாலில்தான் நலம் விசாரிக்கிறது. அவரும் இத்தனை வருடமாக முகம் சுளிக்காமல், ஆண்பிள்ளை மாதிரியே நிமிர்ந்து பதில் சொல்கிறார்.

அந்த அம்மாளின் வீட்டு மாடியில்தான் இருக்கிறோம். கோர்படியில், ரயில்வே கேட்டுக்கும் ராணுவ மதிலுக்கும் நடுவே ஒரு பழைய கல் வீடு. ஜன்னலைத் திறந்தால் புங்க மரம், மூடினால் ரயில் சத்தம் கொஞ்சம் குறையும். இதற்கு முன் நான்கு வீடு மாறியாகிவிட்டது. ஒன்றில் கருவாட்டு வாசனை, ஒன்றில் ஓனர் மகனுக்குக் கல்யாணம், ஒன்றில் கூரை இறங்கிவிட்டது, இன்னொன்றில் காரணம்கூடச் சொல்லவில்லை. மகள் இனியா இப்போது பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் இங்கிருந்து நடக்கிற தூரம். இந்த வீடும் போனால் ஊருக்கு வெளியே எங்கோ அடுக்குமாடியில் போய் ஏறி உட்கார வேண்டும், அவள் பஸ்ஸில் நின்றபடியே பரீட்சைக்குப் படிக்க வேண்டும். அதனால் எனக்கும் என் மனைவி சுகன்யாவுக்கும் ஒத்துப்போகிற கொள்கை ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டை விடக் கூடாது.

2

வீட்டுக்கார அம்மாளை நாங்கள் காகூ என்று கூப்பிடுகிறோம். மராத்தியில் சித்தி மாதிரி ஒரு முறை. ஒரு கர்னலின் மனைவி. கர்னல் காலமாகிப் பல வருடமாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை, கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். மழைக்காலத்தில் கீழே சுவரெல்லாம் ஓதம் ஏறும் என்பதால் கர்னலின் கண்ணாடி அலமாரியை மாடியிலேயே விட்டுவைத்திருக்கிறார். ஃபேன், கீசர் போல அதுவும் எங்களுக்கு வீட்டோடு வந்தது. அதற்குள் நின்றுகொண்டிருந்தவள்தான் வெள்ளையம்மா.

பெயர் சுகன்யா வைத்தது. அவள் ஒரு பிரெஞ்சுப் பீங்கான் பெண். கர்னலின் அப்பா, ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் ஏலத்தில் எடுத்தாராம். ஒரு சாண் உயரம் இருப்பாள். இடுப்பில் திராட்சைக் கூடை, இன்னொரு கையில் தூக்கிப் பிடித்த பாவாடை நுனி, வெறுங்கால். மேனியில் வர்ணமில்லை, பூச்சில்லை, பளபளப்பு இல்லவே இல்லை. அரிசி மாவைப் பிடித்து வைத்ததுபோல ஒரு வெள்ளை. காலடியில் இருக்கும் வட்டப் பீடம் மட்டும் நீலமும் பொன்னுமாக மின்னும்.

என் பிழைப்பு, கார் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பது. பெயிண்ட் ஒழுகியிருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா, எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்று நாள் முழுக்க விளக்கடியில் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்து, தேறாததை ஒதுக்குவேன். வெள்ளையம்மாவை முதன்முதலில் பார்த்தபோது என் கை தானாகவே சிவப்பு ஸ்டிக்கரைத் தேடியது. பீடத்துக்கு மட்டும் பூசிவிட்டு ஆளை அப்படியே அனுப்பிவிட்டான், ஷிப்டு முடிந்திருக்கும் என்று காகூவிடம் சொன்னேன்.

காகூ கோபித்துக்கொள்ளாமல் விளக்கினார். விட்டுப்போனதில்லையாம், வேண்டுமென்றே விட்டதாம். மேலே கண்ணாடிப் பூச்சை ஊற்றினால் அது விரல் இடுக்கிலும் உதட்டு ஓரத்திலும் போய்த் தேங்கி, வடித்ததையெல்லாம் மழுக்கிவிடும். அந்தக் காலத்தில் பிரெஞ்சு அரசருடைய பட்டறையில் பளிங்குச் சிலைபோலத் தெரியட்டும் என்று சூளையில் சுட்டு, பூச்சே இல்லாமல் நிறுத்திவிட்டார்கள். பிஸ்கட் என்றே அதற்குப் பெயராம். எனக்குப் பாதிதான் விளங்கியது, சுகன்யாவுக்கு உடனே விளங்கிவிட்டது. பஜ்ஜி மாவில் தோய்த்த பிறகு உள்ளே இருப்பது வாழைக்காயா கத்தரிக்காயா என்று யார் கண்டார்கள் என்றாள். அதற்குப் பிறகு பார்த்தால் வெள்ளையம்மாவின் கால் நகம் தெரிந்தது. கூடையில் ஒரே ஒரு திராட்சை மட்டும் சுருங்கிப்போயிருந்ததும் தெரிந்தது. பூச்சில்லாத ஒன்றை அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகத் தேறியதாக விட்டேன்.

பூச்சில்லாததில் ஒரு சங்கடம் உண்டு. மேலே பட்டதையெல்லாம் குடித்துவிடும். அதனால் காகூ சில சட்டங்கள் வைத்திருந்தார். வெறுங்கை படக் கூடாது. தண்ணீர் கூடாது. எண்ணெய் அந்தப் பக்கமே வரக் கூடாது. தூசு தட்ட மெல்லிய பிரஷ் ஒன்று தந்திருந்தார். கர்னல் தினமும் காலையில் வெளியே கிளம்புமுன் அலமாரிக்கு எதிரில் நின்று இவளுக்கு ஒரு சல்யூட் வைப்பாராம். எனக்கு ஒரு நாளும் வைத்ததில்லை என்று காகூ சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் அதைச் சொல்லும்போது வெள்ளையம்மாவை ஒரு பார்வை பார்ப்பார், அதில் சிரிப்பு இருக்காது. இருந்தாலும் கர்னல் விட்டுப்போன பொருள் ஆயிற்றே. ஒப்பந்த நாள் வந்தால் மாடிக்கு ஏறி வந்து, டீ குடித்து, அலமாரியைத் திறந்து இவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தத்துக்கான ரேகை மெஷினில் கட்டைவிரலை வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், வெள்ளையம்மா நல்லபடியாக இருக்கும்வரை நாங்களும் இருக்கலாம்.

3

காகூ சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த மாதிரிப் பொம்மைகள் வருவதற்கு முன், பிரெஞ்சு விருந்துகளில் சர்க்கரையில் பொம்மை செய்து மேசை நடுவில் நிறுத்துவார்களாம். சர்க்கரை எத்தனை நாள் நிற்கும்? அதற்குப் பதிலாகத்தான் இந்த வெள்ளைப் பீங்கான் வந்ததாம்.

கேட்டதும் எனக்கு உடுமலையில் என் சின்ன மாமா கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. சீர்த் தட்டுகளில் சர்க்கரைக் கிளி, சர்க்கரைத் தேர், நடுவில் சர்க்கரையிலேயே மாப்பிள்ளையும் பெண்ணும். என் தம்பி தட்டுகளை வைத்திருந்த மேசைக்கடியில் உட்கார்ந்து, முகூர்த்தம் முடிவதற்குள் மாப்பிள்ளைப் பொம்மையை நக்கி நக்கி மூக்கே இல்லாமல் செய்துவிட்டான். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் தட்டை உற்றுப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு மூக்கில்லையே என்று சபையில் உரக்கச் சொல்ல, கூட்டம் மொத்தமும் தட்டைப் பார்க்காமல் மணவறையைப் பார்த்தது. மாமா இன்றைக்கும் என் தம்பியைக் கண்டால் மூக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இந்தக் கதையை இனியாவுக்குச் சொன்னேன். சிரிக்கவில்லை. சீர் என்றால் என்ன என்று கேட்டாள். தமிழில் ஆரம்பித்து இந்திக்குப் போய், இங்கிலீஷில் தட்டுத் தடுமாறி விளக்கி முடித்தேன். ஓ, கிஃப்ட் ஹாம்பர் என்றாள். கதை அத்தோடு முடிந்தது.

அவளைக் குறை சொல்லவில்லை. நாங்கள் பேசும் தமிழ் முழுக்க அவளுக்குப் புரியும், பதில் மட்டும் பாதி நேரம் வேறு கதவு வழியாக வரும். தமிழ் எழுத்துப் படிக்க வராது. ஊரிலிருந்து போன் வந்தால் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பாள். ஊர்ப் பெரியவர்களிடம் தயங்காமல் வருகிற வாக்கியம் அது ஒன்றுதான் என்பதால் அதை விட மனசு வராது. எங்கள் பண்டிகைகளில் அவள் கலந்துகொள்வது பக்கத்து வீட்டுக்காரர் கலந்துகொள்வது மாதிரி இருக்கும். நாகரிகமாக வந்து நிற்பாள், சுண்டல் வாங்கிக்கொள்வாள், போய்விடுவாள். அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

4

இங்கே மராத்திக்காரர்களும் தசராவுக்கு வண்டிகளுக்கெல்லாம் சாமந்தி மாலை போடுவார்கள். பெரும்பாலும் மாலையோடு விட்டுவிடுவார்கள். நாம் விடுவதில்லை. சந்தனம் குழைத்து, மேலே குங்குமம் வைத்து, வீட்டில் வேலை செய்கிற ஒரு பொருளையும் பாக்கி வைக்காமல் பொட்டு வைத்தால்தான் நமக்கு ஆயுத பூஜை. ஒவ்வொரு வருடமும் கிண்ணத்தை நான் எடுத்துக்கொண்டு போவேன், சுகன்யா பத்தியோடு பின்னால் வருவாள். நாங்கள் அறைக்குள் நுழைந்தால் இனியா காதில் மாட்டியதைக் கழற்றாமலே லேப்டாப்பை மட்டும் எங்கள் பக்கம் நீட்டுவாள்.

இந்த வருடம் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தபோது அவளே வந்து நின்றாள்.

"அப்பா, இந்த தடவை நான் வெக்கட்டா?"

கிண்ணத்தை நான் கொடுத்த வேகத்தில் சந்தனம் என் சட்டையில் தெறித்தது. எதற்கெல்லாம் வைக்க வேண்டும் என்று கேட்டாள். "நமக்காக வேலை செய்யறது எல்லாத்துக்கும் வெக்கோணும் சாமி" என்றேன். வேறு எதுவும் சொல்லித்தரவில்லை. வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. நானும் சுகன்யாவும் அடுக்களையில் போய், தாளித்து முடித்த சுண்டலையே மறுபடியும் கிளறிக்கொண்டு, அவள் அறை அறையாகப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வெங்காயம் நறுக்கவில்லையே என்று சுகன்யா கிண்டல் செய்தாள். அவள் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், மோடம் என்று வழக்கமானதெல்லாம் ஆயிற்று. டி.வி. ரிமோட்டுக்கு வைத்தாள். கால்குலேட்டர், குடை, நகவெட்டி எல்லாவற்றுக்கும் வைத்தாள். பிறகு தண்ணீர் மோட்டாருக்கும் ஸ்கூட்டருக்கும் வைக்கக் கீழே போனவள் வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கையில் இந்த ஊர்க் காரப் பலகாரமான பாக்கர்வடிப் பொட்டலம் ஒன்று இருந்தது. காகூ கொடுத்தார் என்றாள். வழியில் பேச்சுக் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். மறுநாள் விடியற்காலையிலேயே காகூ நாசிக்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஒப்பந்த நாளுக்கு, அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, வந்துவிடுவதாக ஏற்பாடு.

காகூ கிளம்பிப்போன அன்று சாயங்காலம் சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்து, பொட்டு வைத்த வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தேன். எல்லாப் பொருளும் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தன. கண்ணாடி அலமாரிக்குள் வெள்ளையம்மாவும் புறப்பட்டிருந்தாள்.

5

சந்தனம் ஒரு துவரம்பருப்பு அளவு, அதன் மேல் செக்கச்செவேல் என்று குங்குமம். உள்ளதைச் சொன்னால் அவளுக்கு எடுப்பாகவே இருந்தது. மூக்குத்தி ஒன்றுதான் பாக்கி என்று சுகன்யா ரசித்துச் சொன்னாள், சொன்ன வாய் மூடுமுன் இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

இனியாவை மெதுவாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏஞ்சாமி, அந்தப் பொம்மைக்கும் நீதான் வெச்சியா?"

"ஆமா பா."

"அது என்ன கண்ணு வேலை செய்யுது?"

கொஞ்சம் யோசித்தாள். "நிக்குதுல்ல. ஃபுல் டே நிக்குது."

அதுவும் சரிதான். நானும் தொழிற்சாலையில் நாள் முழுக்க நிற்கிறேன், அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். அதற்கு மேல் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளை தானாக வந்து கிண்ணத்தை வாங்கியது இதுதான் முதல் தடவை. உன்னால் வீடு போகப்போகிறது என்று சொன்னால் ஜன்மத்துக்கும் அதைத் தொட மாட்டாள். அவளுக்குத் தெரியாமல், அவள் டியூஷன் போகும் நேரத்தில், ஞாயிற்றுக்கிழமைக்குள் பொட்டை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் காகூ கொடுத்த பிரஷால் தட்டினோம். சந்தனம் உதிர்ந்தது, சிவப்பு அப்படியே இருந்தது. குங்குமம் கொட்டாமல் இருக்கட்டும் என்று இனியா அதைப் பன்னீரில் குழைத்து வைத்திருக்கிறாள். வேலையில் என் மாதிரி. அடுத்து பள்ளிக்கூட ரப்பரால் லேசாகத் தேய்த்தேன். சிவப்பு ரோஸ் நிறமாகி, பொட்டு ஒரு பட்டாணி அகலத்துக்கு வந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றினேன், புருவம்வரை இறங்கியது.

"ஏனுங்க, அழிய மாட்டீங்குது. நீங்க தொடத் தொட அது பாட்டுக்குப் பரவுது. கைய எடுங்க மொதல்ல" என்றாள் சுகன்யா.

மச்சானுக்குப் போன் போட்டேன். புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார், அவருக்குக் குத்துவிளக்கு தவிர வேறு பொருள் தெரியாது. சுகன்யாவின் அத்தை எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் என்றார். எதையும் நேரே வெள்ளையம்மா மேல் வைக்கத் துணிச்சல் வரவில்லை. டீ கப்பின் அடிவட்டத்தில் பூச்சு இருக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் இருந்த கப்புகளையெல்லாம் கவிழ்த்து வைத்து, அடியில் குங்குமம் வைத்து ஊறவிட்டு, ஒன்றைப் புளியாலும் ஒன்றை எலுமிச்சையாலும் ஒன்றைச் சோடா உப்பாலும் மாற்றி மாற்றித் தேய்த்தோம். ஒன்றிலும் முழுதாகப் போகவில்லை. எங்கள் கட்டைவிரல் தோல்தான் போயிற்று. அந்த வாரம் முழுக்க வீட்டில் டீ குடித்து வைத்த இடமெல்லாம் ரோஸ் வளையம் விழுந்தது.

பிறகு முகப் பவுடர் போட்டுப் பார்த்தோம். பொட்டு மறைந்தது, ஆனால் கூத்துக்குப் பாதி வேஷம் கட்டியவள்போல நெற்றி மட்டும் தனி வெள்ளையாக நின்றது, வாசனை வேறு. பவுடரைத் தட்டி எடுத்தோம். சின்னதாக ஒரு நெற்றிச்சுட்டி செய்து மாட்டிவிடலாம் என்றாள் சுகன்யா. சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லலாம் என்றேன் நான். ஒவ்வொரு நாளும் டியூஷன் முடிந்து வரும் இனியா அலமாரியைப் பார்ப்பாள்.

"அப்பா, வெள்ளையம்மா பொட்டு பெருசாயிட்டே போகுது. நீங்களும் டெய்லி வெக்கறீங்களா?"

ஆமாம் என்றோம். அவளுக்கு ஒரே சந்தோஷம். எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

6

கேம்ப் என்கிற கடைவீதிப் பகுதியில் பழைய சாமான்களைப் பழுது பார்க்கும் கடை ஒன்று இருப்பதாகத் தொழிற்சாலையில் ஒருவர் நம்பர் கொடுத்தார். போன் செய்து, எனக்குத் தெரிந்த இந்தியில் நிலைமையைச் சொன்னேன். என்ன விழுந்தது என்று கேட்டார் கடைக்காரர். குங்குமம் என்றேன். எங்கிருந்து விழுந்தது என்றார். விழவில்லை, நாங்கள்தான் வைத்தோம் என்றேன். எதற்கு என்றார். ஆயுத பூஜை என்பதை அப்படியே இந்தியில் ஆயுதங்களைக் கும்பிடும் நாள் என்று சொல்லி வைத்தேன்.

நான் சொன்னதை அவர் ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, இது ஆயுதமா என்று கேட்டார். இல்லை, திராட்சைக் கூடை வைத்திருக்கும் பெண் என்றேன். நாங்களும் தசராவுக்கு வண்டிக்கு மாலை போடுவோம், வண்டி ஓடுகிறது, இது ஓடுமா என்று கேட்டார். நிற்கும் என்றேன். மகள் சொன்ன அந்த வாதம் இந்தியில் எடுபடவில்லை.

மனிதர் நல்லவர்தான். உள்ளே ஊறிய கறை ஊறியதுதான், இனிமேல் தொட்டால் மூக்கும் முழியும் தேய்ந்துபோகும், விட்டுவிடுங்கள் என்றார். கடைசியாக, பொருள் உங்களுடையதுதானே என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இனியா டியூஷன் போனதும் சுகன்யா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "மறைச்சது போதுமுங்க. காகூ வந்தா நாந்தான் வெச்சேன்னு சொல்லிப்போடறேன். வீடு போனாப் போகுது. புள்ளைய மட்டும் இதுல இழுக்காதீங்க" என்றாள். நானே வைத்ததாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். எந்த முட்டாள்தனமும் உங்களுக்குப் பொருந்தும்தான், ஆனாலும் நான் சொல்கிறேன் என்றாள். முடிவாகவில்லை. ஜன்னலைத் திறந்து அந்தப் புங்க மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எந்த வீட்டையும் விட்டபோது நான் இப்படி நின்றதில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்தவர் ஒப்பந்த ஏஜெண்ட் குமார். இதே ஊரில் போபோடிக்காரர். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். குமார் பேசும் தமிழில் அந்த மூன்று தலைமுறையும் கேட்கும். லேப்டாப்பைத் திறந்து, கேமராவில் என் முகத்தைப் பிடித்து, ரேகை மெஷினை என் முன்னால் தள்ளினார். கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைத்தேன், மறுபடியும் சிவப்பு. சுகன்யா வைத்தாள், அதற்கும் சிவப்பு.

"இன்னா சார், ரெண்டு பேருக்குமே அங்கூட்டா வரல? வீட்டு பர்த்தன் பாத்திரம் பூரா நீங்களே தேய்ச்சீங்களா?" என்று குமார் எங்கள் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ரேகை இல்லன்னா போலீஸ் வெரிஃபிகேசன்ல இன்னா நெனப்பாங்க? சரி, டென்சன் நக்கோ, வேணாம். அப்புறம் டிரை பண்லாம்."

அப்போதுதான் காகூ ஏறி வந்தார். நலம் விசாரித்தேன், வழக்கம்போல ஆண்பாலில். டீ கொடுத்தோம். குடித்துவிட்டுக் கப்பை வைத்த இடத்தில் ரோஸ் வளையத்தைப் பார்த்தார். எழுந்து போய் அலமாரிக் கதவைத் திறந்தார். நானும் சுகன்யாவும் ஒரே நேரத்தில், நான்தான் வைத்தேன் என்று சொன்னோம்.

காகூ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெள்ளையம்மாவின் நெற்றியை வெகுநேரம் பார்த்தார். குமாரும் எட்டிப் பார்த்துவிட்டு, "அரே, அம்மன் மாதிரி கீறாங்க" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை. பிறகு காகூ எங்கள் பக்கம் திரும்பி, நீங்கள் இரண்டு பேரும் இவளுக்கு வைத்தீர்கள் என்றால், எனக்கு வைத்தது யார் என்று கேட்டார்.

எங்களுக்கு விளங்கவில்லை. காகூ உட்கார்ந்துகொண்டு இந்தியில் நிதானமாகச் சொன்னார். அன்றைக்கு உங்கள் பெண் கிண்ணத்தோடு கீழே வந்தாள். மோட்டாருக்கு வைத்தாள், ஸ்கூட்டருக்கு வைத்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், என் நெற்றியிலும் வைத்தாள். கர்னல் போன பிறகு என் நெற்றியை யாரும் தொட்டதில்லை. அக்கம்பக்கத்தில் மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிட்டால்கூடத் தட்டு என்னைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. நானும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கையில் கிடைத்த பாக்கர்வடியைக் கொடுத்தனுப்பினேன்.

சுகன்யா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வீட்டில் இவளுக்குக் கிடைத்த ஒன்று எனக்கும் கிடைத்தது அன்றைக்குத்தான்" என்றார் காகூ. "என்னுடையது நாசிக்கில் குளித்ததும் போய்விட்டது. இவளுடையதாவது ராஹு தே." இருக்கட்டும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு மறுபடியும் அலமாரிக்குள் குனிந்து பார்த்தார். எனக்குச் சின்னதாகத்தானே வைத்தாள், இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு பெரிசாயிற்று என்றார். நானும் சுகன்யாவும் தரையைப் பார்த்தோம்.

காகூ கட்டைவிரலை வைத்ததும் மெஷின் முதல் தடவையிலேயே பச்சை காட்டியது. எங்கள் விரலுக்குத் தோல் வளர்ந்ததும் இன்னொரு நாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, வீடு பக்கா சார் என்று குமார் லேப்டாப்பை மூடினார்.

அவர் படியிறங்கும்போது இனியா டியூஷனிலிருந்து ஏறி வந்தாள். பையைக்கூட இறக்கவிடாமல் கேட்டேன்.

"காகூவுக்கும் பொட்டு வெச்சியா சாமி?"

"ஆமா. நீங்கதான சொன்னீங்க, நமக்காக வேலை செய்யறது எல்லாத்துக்கும்னு."

"அவங்க நமக்கு என்ன வேலை செய்யறாங்க?"

வெள்ளையம்மாவுக்கு யோசித்த அளவுகூட இதற்கு யோசிக்கவில்லை. "நம்மள வீட்டுல வெச்சிருக்காங்கல்ல பா. அதுவும் வேலைதான?"

பெண் என்ன சொல்கிறாள் என்று காகூ என்னைக் கேட்டார். இந்தியில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஆண்பால் பெண்பால் இருக்கட்டும், ஆரம்ப வார்த்தையே வரவில்லை. இனியா என்னைப் பார்த்துவிட்டு, காகூ பக்கம் திரும்பி மராத்தியில் தானே சொன்னாள். நான் வெளிநாடு என்று சொல்லித் திரிகிற ஊரின் மொழி அவள் வாயில் தங்குதடையில்லாமல் ஓடியது.

காகூ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கர்னல் நின்ற இடமாகத்தான் இருக்க வேண்டும், அலமாரிக்கு நேர் எதிரில் போய் நின்று புடவையை இழுத்துச் சரி செய்துகொண்டார். பிறகு வெள்ளையம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எங்கள் இனியாவுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.